பணியாரம் தெருவுக்கு வந்தது

மாரீஸ்வரிக்குத் தவில் சத்தம் ஆகாது. தவில்காரனையே கட்டிக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆகவில்லை. மாயக்கண்ணன் காலையில் சாதகம் செய்ய உட்காருகிற நேரம் பார்த்து அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை.

"தலைவலிய நான் உண்டாக்குறேன், மாத்திரைய அவ விக்கிறா. எங்க வீட்டுல அம்புட்டு ஒத்துமை" என்று கல்யாண மண்டபங்களில் மாயக்கண்ணன் சொல்லிச் சிரிப்பான்.

அந்த வீட்டில் தவிலைக் கேட்டுச் சொக்கிப்போகிற ஜீவன் ஒன்று உண்டென்றால் அது பூனைதான். தேவகோட்டையில் ஒரு முகூர்த்தம் முடிந்து வீடு திரும்பி, வேட்டி துண்டெல்லாம் திணித்து வைத்திருந்த பையை மாயக்கண்ணன் கவிழ்த்தபோது, அழுக்குத் துணியோடு ஒரு வெள்ளைக் குட்டியும் வந்து விழுந்தது. மண்டபத்து நாய்கள் துரத்தியிருக்க வேண்டும். ஒரு காதில் பல் பட்ட காயம், உடம்பெல்லாம் நடுக்கம். மாரீஸ்வரி காயத்துக்கு மருந்து போட்டாள். உடம்பு தேறியதும் குட்டி தின்னத் தொடங்கியது, தின்று தின்று உருண்டது. சுருண்டு படுத்தால் வெள்ளைப் பணியாரம் ஒன்றைத் தட்டில் எடுத்து வைத்த மாதிரியே இருக்கும். அதனால் பெயரும் பணியாரம் என்றே ஆகிவிட்டது.

மாயக்கண்ணன் ஒரு கையில் கழியும் மறு கையில் விரல்கூடுமாக உட்கார்ந்து சுவர் அதிர வாசிப்பான். பணியாரம் தவிலுக்கு ஒரு முழம் தள்ளி, நாலு காலையும் நீட்டி, வாயைத் திறந்துகொண்டு தூங்கும். ஆனால் வெளியே எந்தச் சத்தம் கேட்டாலும் அதற்கு உயிர் போய் உயிர் வரும். ஸ்கூட்டர் ஆரன், கீரைக்காரம்மாவின் குரல், எதுவாக இருந்தாலும் கட்டிலுக்கு அடியில்தான். காய்ந்த வாதாம் இலை சிமெண்டுத் தரையில் சரசரவென்று நகர்ந்தால்கூடப் போதும். இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு அது பகல் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்து, என்னை வெளியே விடு என்று கத்திக்கொண்டிருக்கும். அதுதான் மாரீஸ்வரிக்குப் புரியாத புதிர்.

ஒருநாள் அவள் கடையிலிருந்து வந்தபோது ஜன்னல் கொசுவலை கிழிந்திருந்தது. பூனை இல்லை. எதிர்வீட்டு வாசலில் அடுக்கியிருந்த ஆத்தங்குடிக் கல் கட்டுகளுக்கு நடுவே, ஒரு கை நுழையாத இடுக்கில், பணியாரம் ஒடுங்கிக் கிடந்தது. சுற்றி மூன்று நாய்கள் நின்றிருந்தன. நாய்களை விரட்டி, கட்டுகளை நகர்த்தி, அதை வெளியே எடுத்த எதிர்வீட்டு முத்தரசு, "தங்கச்சி, இதுக்கு ஒரு வழி பண்ணு. எனக்குக் கல்லு ஒடஞ்சாலும் பரவாயில்ல, உன் பூனைக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு" என்றார். அவருக்குத் தரையில் பதிக்கிற கல் வியாபாரம். தங்கமான மனுஷர்.

மறுநாள் மாரீஸ்வரி பூனையைக் கூடையில் வைத்துக் கால்நடை டாக்டர் தீக்ஷாவிடம் கொண்டுபோனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். பூனையைத் தராசில் வைத்ததும் அவர் புருவம் உயர்ந்தது.

"வீட்டுக்குள்ளயே இருந்து உடம்பு போட்டிருக்கு. அதுக்கு வெளிய போக ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு. பெல்ட் மாட்டி நடக்கப் பழக்குங்க."

"நாய் மாதிரியா டாக்டர்?"

"நாய் மாதிரி இல்ல. கழுத்துல கட்டவே கூடாது. நெஞ்சையும் வயித்தையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட் இருக்கு. வாங்கின உடனே மாட்டிறாதீங்க. தட்டுக்குப் பக்கத்துல சும்மா போட்டு வைங்க, மோந்து பார்க்கட்டும். அப்புறம் வீட்டுக்குள்ள, அப்புறம் வாசல். இழுக்காதீங்க. எங்க போகணும், எப்பத் திரும்பணும்னு அதுதான் முடிவு பண்ணணும்."

பெல்ட் கூரியரில் வந்தது. ஊதா நிறம். மாயக்கண்ணன் அதை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தான். "எனக்குத் தவில் வாரு, இதுக்குப் பூனை வாரு. வித்வான் வீட்டுல எல்லாருக்கும் ஒரு வாரு வேணும்ல."

"கேலி பண்ணாம அந்தத் தட்டுப் பக்கத்துல வைங்க" என்றாள் மாரீஸ்வரி.

மோந்து பார்ப்பதில் பணியாரத்துக்கு ஒரு தயக்கமும் இல்லை. பெல்ட்டின் மேலேயே படுத்துத் தூங்கவும் செய்தது. ஆனால் முதல்முறை மாட்டியபோது, சுட்டுத் தள்ளியது போலத் தரையில் சாய்ந்துவிட்டது. நான்கு காலும் விறைத்து, கண் மட்டும் உருண்டது. மாரீஸ்வரி பதறி பெல்ட்டைக் கழற்றினாள். கழற்றிய அடுத்த நொடி பூனை எழுந்து, சோம்பல் முறித்து, அடுப்படிக்கு நடந்தது.

"நடிப்பு" என்றான் மாயக்கண்ணன். "நம்ம செட்டுல நாயனக்காரரு ஒருத்தரு இருக்காரு, சம்பந்தி வீட்டுல காபி வரலைன்னா இப்படித்தான் சாய்வாரு."

உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலிதான் கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது. பெல்ட் மாட்டினால் ஒன்று, எழுந்து நின்றால் ஒன்று, ஓர் அடி வைத்தால் இன்னொன்று. கொஞ்ச நாளில் பணியாரம் ஊதா பெல்ட்டோடு வீடு முழுக்க வலம் வந்தது. பெல்ட்டை எடுத்தாலே காலைச் சுற்றி உரசியது. மாரீஸ்வரிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கதவைத் திறந்தாள்.

கதவைத் திறந்ததும் எல்லாம் போயிற்று. பணியாரம் நிலைப்படி வரை வரும், தலையை மட்டும் நீட்டும், மூக்கு துடிக்கும். அதற்கு மேல் ஒரு விரல்கடை நகராது. காலையில் வேலைக்குப் போகுமுன் மாரீஸ்வரி காபி டம்ளரோடு படியில் உட்கார்ந்து காத்திருப்பாள். ஒருமுறை நெத்திலியைப் படிக்குக் கீழே வைத்தாள். பூனை உடம்பை ரப்பர் போல நீட்டி, பின்னங்கால் இரண்டும் வீட்டுக்குள்ளேயே இருக்க, நெத்திலியை மட்டும் கவ்விக்கொண்டு உள்ளே போயிற்று.

ஒருநாள் துணிந்து இரண்டு படி இறங்கிவிட்டது. மாரீஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பால் வண்டிக்காரர் ஆரன் அடித்தார். பணியாரம் அவள் மேலேயே மரம் ஏறுவது போல ஏறித் தலைக்குப் போய்விட்டது. புடவை கிழிந்தது, கழுத்தில் நான்கு கோடு விழுந்தது.

"ஆத்தி! என்ன மாரி இது, சாமி வந்த மாதிரி நிக்கிற?" எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்தாள் முத்தரசுவின் மனைவி அழகி.

"சாமி இல்ல மதினி, பூனைதான் வந்திருக்கு. மெல்ல நகத்த எடுங்க."

இதற்கிடையில் முத்தரசுவுக்கு ஒரு தனிச் சங்கடம் முளைத்திருந்தது. அவர் தினமும் காலையில் கல் மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு, வீடு கட்டுகிறவர்களைப் பார்க்கக் கிளம்புவார். கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் காரியம் ஆகாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மாரீஸ்வரியோ சரியாக அந்த நேரத்தில்தான் பூனையோடு படியில் இருப்பாள். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கேட்டைப் பாதி திறந்து, அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

"தங்கச்சி, இன்னைக்குக் கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வேலை. கொஞ்சம் உள்ள தூக்கிக்கிறியாத்தா?"

"அது குறுக்க எங்கண்ணே போகப் போகுது? படியே எறங்க மாட்டேங்குதே!"

"இறங்கிருச்சுன்னா? இன்னைக்குன்னு பாத்து அதுக்கு தைரியம் வந்துருச்சுன்னா?"

மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே தூக்கிக்கொள்வாள். முத்தரசு தலையைக் குனிந்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். பின்னாலிருந்து அழகி, "சனியனே, பூனைக்குப் பயந்த ஆம்பளையக் கட்டிக்கிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

திருப்பம் வந்தது ஒரு விடுமுறை நாளில். மாரீஸ்வரி கடைக்குப் போகவில்லை. தவில் சத்தத்திலிருந்து தப்ப வழியில்லாமல் பூனையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மாயக்கண்ணன் வாசிக்கத் தொடங்கினான். நிலைப்படியில் பதுங்கியிருந்த பணியாரத்தின் காது நிமிர்ந்தது. முதுகு இளகியது. பிறகு, ஏதோ தினமும் செய்கிற வேலை போல, அது ஒரு படி இறங்கியது. இரண்டாவது படி. தெருவில் கால் வைத்தது. வாலைக் கொடிக்கம்பம் போல நிமிர்த்திக்கொண்டு, அழகி வீட்டுக் கோலத்தை நோக்கி நடந்தது.

மாரீஸ்வரி பெல்ட்டில் கோத்த கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் பின்னாலேயே போனாள். கோலத்தின் ஓரத்தைப் பூனை மோந்துகொண்டிருக்கும்போது உள்ளே தவில் நின்றது. மாயக்கண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறான். பணியாரம் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தது. அடுத்த நொடி வீட்டுக்குள் பாய்ந்துவிட்டது.

"ஏங்க! எதுக்கு நிறுத்துனீக? வாசிங்க! நிறுத்தாம வாசிங்க!"

மாயக்கண்ணன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து இந்த வார்த்தையை அவன் கேட்டதில்லை.

"என்ன சொன்ன?"

"வாசிங்கன்னேன். நீங்க வாசிச்சா அது நடக்குது!"

அவன் வாசித்தான். பூனை இறங்கியது. நிறுத்தினான், திரும்பி ஓடிவந்தது. மறுபடி வாசித்தான், மறுபடி இறங்கியது. அழகி வாசலில் வந்து நின்று வாய் பிளந்தாள். அன்றைக்கு அவன் வாசித்த வாசிப்புக்குக் கோயில் திருவிழாவிலே பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். விரல் வீங்கிப்போய், "ஒரு பூனைய அழகி வீட்டு வாசலுக்கு அனுப்ப இம்புட்டுப் பாடா? திருச்சிக்கே நடந்து போயிருக்கலாம்" என்று தவிலைக் கீழே வைத்தபோது மணி பதினொன்று.

தினமும் இப்படி வாசிக்க முடியாது. மாரீஸ்வரி போனில் பதிவு செய்து போட்டுப் பார்த்தாள். தகர டப்பாவில் கல் உருட்டுகிற மாதிரி வந்த அந்தச் சத்தத்தைப் பணியாரம் மதிக்கவேயில்லை. அப்போது மாயக்கண்ணன் பூனைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தவில் இல்லாமல், வாயால் மெல்லச் சொன்னான்.

"தகதிமி தகஜுணு, தகதிமி தகஜுணு..."

பணியாரம் அவன் முகத்தைப் பார்த்தது. அவன் எழுந்து சொல்லிக்கொண்டே நடந்தான். அதுவும் நடந்தது.

"அப்ப இனிமே நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றாள் மாரீஸ்வரி.

"நாளன்னைக்கு நான் திருக்கோஷ்டியூர் போறேன். மாசித் தெப்பம். அப்படியே அங்குட்டே வரிசையா முகூர்த்தம். நீதான் சொல்லணும்."

"நானா? எனக்குத் தாளமே வராதுன்னு உங்க அக்கா நம்ம கல்யாணத்தன்னைக்கே சொன்னாக!"

"பூனை எங்க அக்கா இல்ல. சொல்லு. தகதிமி."

"தகதிமி."

"தகஜுணு."

"தகஜுனா."

"ஜுணு. நாக்க மடிச்சு. ணு."

இரண்டு நாளும் அடுப்படியிலும் மொட்டைமாடியிலும் பாடம் நடந்தது. அவள் தொடையில் தாளம் போட்டால் வாய் ஓடும், வாயைக் கவனித்தால் கை நின்றுவிடும். மாயக்கண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறினான். அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என்ன வாசிக்கிறான் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா என்று அவளுக்குத் தோன்றியது. நாலு நாலாக வந்தால் ஒரு நடை, மூன்று மூன்றாக வந்தால் வேறொரு நடை என்று அவன் சொல்லும்போது அவன் கண்ணில் ஏறிய வெளிச்சத்தை அவள் முதல்முறையாகப் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

அவன் ஊருக்குப் போனபின் முதல் காலை. தெருவில் யாரும் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மாரீஸ்வரி முணுமுணுத்தாள். பணியாரம் காதைத் திருப்பியது. யோசித்தது. குரல் வேறு, சொல் பழகியது. அதுவே முடிவெடுத்துக்கொண்டு படி இறங்கியது. மாரீஸ்வரிக்கு வந்த சந்தோஷத்தில் சொல் தடுமாறி, தகதிமிக்குப் பிறகு தகதிமியாகவே போய்க்கொண்டிருந்தது. பூனை அதையெல்லாம் பெரிதுபடுத்தவில்லை.

அவள் தினமும் கூட்டிப்போனாள். அழகி வீட்டுக் கோலம் வரை, பிறகு மின்கம்பம் வரை, பிறகு தெருமுனை இட்லிக் கடை வரை. நாய் வந்தால் தூக்கிக்கொண்டாள். ஸ்கூட்டர் வந்தால் சுவர் ஓரமாய் நின்று கொஞ்சம் உரக்கச் சொன்னாள். கடையில் மாத்திரை எண்ணும்போதுகூட வாய் தகதிமி என்றது. ஒரு பெரியவர், "என்னம்மா, மருந்து கொடுக்கும்போது மந்திரமும் சேர்த்துக் கொடுக்கிறியா?" என்று கேட்டார். இரவில் போனில் மாயக்கண்ணனுக்கு ஒப்பிப்பாள். தெப்பக்குளக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, "ணு! ணு!" என்று அவன் கத்துவது கேட்கும்.

ஒரு காலையில் இட்லிக் கடையில் யாரோ பெரிய தூக்குச்சட்டியைக் கீழே போட்டார்கள். தெருவே அதிர்ந்தது. அப்போது மாரீஸ்வரி முத்தரசு வீட்டுக்கு நேரே இருந்தாள். தன் மேல்தான் ஏறப்போகிறது என்று கழுத்தை மூடிக்கொண்டாள். பணியாரம் அவள் பக்கம் வரவில்லை. ஒரே தாவாகத் தாவி, கிளம்பத் தயாராய் நின்ற முத்தரசுவின் வண்டி சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த பிறகு, சத்தம் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தது. ஓடவில்லை.

முத்தரசு பையோடு கேட்டில் நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அழகி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, இந்தா தூக்கிர்றேன்" என்றாள் மாரீஸ்வரி.

"இரு, இரு. தொடாத." முத்தரசு கையைத் தூக்கினார். "குறுக்க போச்சா?"

"இல்லண்ணே. நேரா ஏறிருச்சு."

"குறுக்க போனா என்னன்னு தெரியும். ஏறி உக்காந்தா என்ன பலன்?"

அது யாருக்கும் தெரியவில்லை. முத்தரசு அங்கேயே நின்று, குன்றக்குடியில் இருக்கும் தன் பெரியப்பாவுக்குப் போன் போட்டார். அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது.

"பூனை வெள்ளையா, கறுப்பா?"

"வெள்ள, பெரியப்பா."

"தானா வந்து உக்காந்துச்சா, யாரும் தூக்கி வச்சாகளா?"

"தானாத்தான்."

பிறகு பெரியப்பா சொன்னார்: "மகாலட்சுமி மாதிரி வந்திருக்கா. தடவிக் கொடுத்துட்டுக் கிளம்புடா."

முத்தரசு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு விரலை மட்டும் நீட்டி, பூனையின் நெற்றியைத் தொட்டார். பணியாரம் கன்னத்தைச் சாய்த்து அவர் கையில் உரசியது. அவர் ஐந்து விரலையும் விரித்தார். அழகி சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்கு அவர் போன காரியம் ஆனதா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை வண்டியைத் தெருவின் நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டு, "வாத்தா பணியாரம், ஏறு, எனக்கு நேரமாகுதுல்ல" என்று காத்திருந்தார்.

மாயக்கண்ணன் ஊரிலிருந்து திரும்பியது ஒரு புதன்கிழமை காலையில். பையை வைத்ததும் வைக்காததுமாக, "எங்க, நடந்து காட்டு" என்றான். மாரீஸ்வரி பெல்ட்டை மாட்டிக் கதவைத் திறந்தாள். அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்பே பணியாரம் படி இறங்கிவிட்டது. தெருமுனையைத் தாண்டி, இதுவரை போகாத பக்கமாகத் திரும்பி, ஊரணியை நோக்கி நடந்தது. தூரத்தில் ரயில் கூவியபோது மட்டும் தயங்கி நின்றது. மாரீஸ்வரி குனியாமல், குரலைத் தாழ்த்தாமல், சொன்னாள்:

"தகதிமி தகஜுணு, தகதிமி தகஜுணு, தகிட தகிட தகஜுணு."

பூனை நடந்தது. மாயக்கண்ணன் நின்றுவிட்டான்.

"கடைசியா என்ன சொன்ன? அத நான் சொல்லிக் கொடுக்கலியே."

"மூணு மூணா வந்தா ஒரு நடைன்னீகளே. ரெண்டையும் சேத்தா எப்படி இருக்கும்னு பாத்தேன். தப்பா?"

அவன் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "பத்து அட்சரம். நாலும் நாலும் எட்டுங்கிற கணக்குக்குள்ள நிக்கல. ஆனா கேக்க நல்லா இருக்கு. இன்னொரு தடவை சொல்லு."

அவள் சொன்னாள். அவன் கையில் தாளம் போட்டுக்கொண்டே பின்னால் வந்தான்.

ஊரணிப் படிக்கட்டில் வெயில் இளஞ்சூடாக விழுந்திருந்தது. பணியாரம் தண்ணீரில் மூக்கை வைத்துப் பார்த்தது, தும்மியது, பாதத்தை உதறியது. பிறகு சூடான கல்லில் மல்லாந்து படுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது. குளிக்க வந்த இரண்டு பெண்கள் குடத்தை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ படியில் துணி அடித்துத் துவைத்தார்கள். அதன் காதுகூட அசையவில்லை.

"சரி, கிளம்புவம். கடைக்கு நேரமாச்சு" என்றாள் மாரீஸ்வரி.

பூனை கண்ணை மூடிக்கொண்டது. அவள் சொல் சொன்னாள். மாயக்கண்ணன் சொன்னான். இருவரும் சேர்ந்து சொன்னார்கள். நெத்திலி டப்பாவை ஆட்டிக் காட்டினார்கள். பணியாரம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. இழுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாரீஸ்வரி போனை எடுத்துக் கடைக்காரரை அழைத்தாள்.

"அண்ணே, இன்னைக்கு வர கொஞ்சம் நேரமாகும்."

"என்னம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. பூனை இன்னும் கிளம்பல."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் விட்டாள்.